சம்புக்குள் ரெஃப்யூஜியம்: 4 அடி கடல்நீர்த் தொட்டிக்கு முழுமையான வழிகாட்டி

ரெஃப்யூஜியம் என்பது சம்புக்குள், அதாவது மீன் தொட்டிக்கு அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டிக்குள், அமைக்கும் பாசி அறை. தொட்டியில் ஓடும் அதே கடல்நீர் அந்த அறை வழியாகவும் ஓடும். அங்கே விளக்கொளியில் வளரும் பெரும்பாசி, மீன் கழிவிலும் தீவனத்திலும் இருந்து சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்ளும். மீன்கள் எட்டாத இடம் என்பதால் கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற சிற்றுயிர்களும் அங்கே பெருகி, பம்ப் சம்பில் இருந்து தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் தண்ணீரோடு மேலே போய் மீனுக்கு இரையாகும்.

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் விளக்கையும் பாசியையும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். வந்த பாசி வாளியில் கிடக்க, அவசர அவசரமாகக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பாதித் தவறுகள் இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன. பாசி கடைசியில் வர வேண்டிய பொருள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கணக்குகள் அனைத்தும் 120 × 45 × 45 செ.மீ. தொட்டிக்கும் அதன் அடியில் உள்ள 90 × 40 × 40 செ.மீ. சம்புக்கும் (8 மி.மீ. கண்ணாடி) போட்டவை. உங்கள் அளவு வேறென்றால் அதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தொட்டியில் நைட்ரேட் ஏற்கெனவே 2 பி.பி.எம்.முக்கும் (பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 பி.பி.எம்.முக்கும் கீழே இருந்தால் இப்போது ரெஃப்யூஜியம் வேண்டாம். தின்ன எதுவும் இல்லாத தண்ணீரில் பாசி வாழாது.

1. முதலில் பம்பை நிறுத்தி அளந்து பாருங்கள்

மின்சாரம் போனால் மேல் தொட்டியில் இருந்து எவ்வளவு தண்ணீர் சம்புக்கு இறங்குகிறது என்பது தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். பாசி அறை வந்தால் சம்பின் நீர்மட்டம் உயரும், காலி இடம் குறையும். அந்தக் காலி இடத்தை நம்பித்தான் மின்தடையின்போது உங்கள் வீட்டுத் தரை காய்ந்திருக்கிறது.

சம்பின் வெளிப்பக்கம் ஓடும் நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ரிட்டர்ன் பம்பை நிறுத்தி 10 நிமிடம் பொறுத்து, ஏறிய மட்டத்தில் இன்னொரு கோடு. மேல் தொட்டியில் 2 செ.மீ. இறங்கினாலே ஏறக்குறைய 10 லிட்டர். குழாயிலும், தண்ணீர் வழிந்து வடிகுழாய்க்குப் போகும் வெயர் பெட்டியிலும் நிற்பது 3 அல்லது 4 லிட்டர். மொத்தம் 14 லிட்டர் என்று வையுங்கள். புதிய அமைப்பில் இந்த 14 லிட்டருக்கும், அதற்கு மேல் குறைந்தது 5 லிட்டருக்கும் சம்பில் இடம் இருக்க வேண்டும்.

20 லிட்டருக்கு மேல் இறங்குகிறது என்றால் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருக்கிறது. வாய் காற்றை இழுக்கும் வரை சைஃபன் (தண்ணீர் குழாய் வழியே தானாக இழுபட்டு இறங்குவது) நிற்காது. வாயை நீர்மட்டத்துக்கு 1 முதல் 2 செ.மீ. கீழே உயர்த்துங்கள். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை ஒன்றும் போடுங்கள். அந்தத் துளையைச் சுண்ணப்பாசி அடைத்துவிடும், மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சின்ன நத்தை வால்வின் நாக்கில் சிக்கினால் போதும், வால்வு மூடாது.

2. இடம் எது

சம்ப் இருந்தால் சம்புக்குள். அதுதான் சத்தமும் கசிவும் குறைந்த வழி. சம்ப் இல்லாதவர்கள் தொட்டியின் பின்புறம் தொங்கும் பெட்டி வைக்கலாம். அதில் 5, 6 லிட்டர்தான் பிடிக்கும், 60 லிட்டர் தொட்டிக்குப் போதும், 4 அடித் தொட்டிக்குப் போதாது. மேலே வைத்துத் தண்ணீர் தானாக இறங்குமாறு செய்வது சிற்றுயிர்களுக்கு நல்லது, பம்பின் இறக்கைக்குள் அவை போக வேண்டியதில்லை. ஆனால் 30 கிலோவுக்கு மேலான எடையைத் தொட்டிக்கு மேலே தாங்கும் ஸ்டாண்டு வேண்டும். வாடகை வீட்டில் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

3. அறைகளின் அளவு

தண்ணீர் செல்லும் வரிசை: வடிகுழாய், வடிகட்டும் துணிப்பை, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), பாசி அறை, ரிட்டர்ன் பம்ப். பாசி அறைக்கு முன்னால் துணிப்பை இருக்க வேண்டும், பின்னால் இருக்கக் கூடாது. முன்னால் இல்லையென்றால் மீன் கழிவெல்லாம் பாசியில் படியும். பின்னால் இருந்தால் மேலே போக வேண்டிய சிற்றுயிர்கள் துணியில் சிக்கும்.

88.4 செ.மீ. உள்நீளத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஸ்கிம்மர் அறை 27, பாசி அறை 36, ரிட்டர்ன் அறை 18. மீதி, தடுப்புக் கண்ணாடிகளுக்கும் குமிழ்த் தடுப்புக்கும். பாசி அறையில் நீர் உயரம் 24 செ.மீ. என்றால் 33 லிட்டர் நிற்கும். தொட்டியின் 220 லிட்டரில் இது 15 சதவீதம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பாசி வளரும், ஆனால் நைட்ரேட் எண்ணில் மாற்றம் தெரியாது.

இடம் போதவில்லை என்று ரிட்டர்ன் அறையைச் சுருக்குவது மிகப் பரவலான தவறு. ஆவியாகும் தண்ணீரின் குறைவு முழுவதும் அந்த ஒரே அறையில்தான் தெரியும். 18 செ.மீ. நீள அறையில் 1 செ.மீ. என்பது 0.69 லிட்டர். கோடையில் மின்விசிறி வைத்த தொட்டியில் ஒரு நாளில் 4 லிட்டர் ஆவியாவது சாதாரணம். அப்படியானால் மட்டம் கிட்டத்தட்ட 6 செ.மீ. இறங்கும். அறையை 9 செ.மீ. ஆக்கினால் 12 செ.மீ. இறங்கி, விடியும்போது பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஆவியான தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இருந்தாலும் 15 செ.மீ.க்குக் கீழே சுருக்காதீர்கள்.

நீரோட்டம் எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று குழம்பத் தேவையில்லை. ரிட்டர்ன் பம்ப் உண்மையில் மணிக்கு 1,200 லிட்டர் தள்ளுகிறது என்றால், 38.4 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் உள்ள அறையில் தண்ணீர் நகரும் வேகம் நொடிக்கு 0.36 செ.மீ.தான். பாசிக்கு இது அதிகமே இல்லை, குறைவு. முழு ஓட்டத்தையும் அறை வழியாகவே விடுங்கள். பாசியைப் புரட்ட, மணிக்கு 500 முதல் 800 லிட்டர் தள்ளும் சிறு பம்ப் ஒன்றை அறைக்குள் தனியாக வையுங்கள்.

4. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

தடுப்புக் கண்ணாடி 6 மி.மீ., நான்கு துண்டு. அகலம் சம்பின் உள்ளகலத்தைவிட 3 மி.மீ. குறைவாக வெட்டச் சொல்லுங்கள், இருபுறமும் சிலிக்கானுக்கு இடம் வேண்டும். அக்ரிலிக் வேண்டாம். அது தண்ணீரில் வளையும், சிலிக்கானும் அதைச் சரியாகப் பிடிக்காது.

மீன் தொட்டி சிலிக்கான் ஒரு டியூப். 'பூஞ்சைத் தடுப்பு' என்று எழுதியிருக்கும் பாத்ரூம் சிலிக்கான் கூடவே கூடாது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து இறாலையும் சிற்றுயிர்களையும் விடாது.

கட்டம் கட்டமாக ஓட்டையுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தட்டி (ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடுவது), டைமர், 20 முதல் 30 வாட் எல்.இ.டி., நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் கிட், உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர். சம்ப் காலியாக இருக்கும் இரண்டு நாளுக்கு மேல் தொட்டியில் ஓட ஒரு பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்). மின் இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீருக்கு மேலே விளக்கு தொங்கப் போகிறது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உயர்த்தும் மட்டத்துக்கான கடல்நீரையும் முதல் நாளே கலக்க வேண்டும். புதிதாக 30 லிட்டர் சேர்கிறது என்றால் சுமார் 1.1 கிலோ உப்புக் கலவை, ஆர்.ஓ. தண்ணீரில். அவசரத்தில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால், 250 லிட்டர் அமைப்பில் உப்பளவு ஆயிரத்துக்கு 35இல் இருந்து 31க்கு இறங்கும். பவளங்கள் சுருங்கி மூடிக்கொள்வது அப்போதுதான் கண்ணில் படும்.

5. கண்ணாடி ஒட்டுவது

ஈரக் கண்ணாடியில் சிலிக்கான் பிடிக்காது. சம்பைக் காலி செய்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஒட்டும் கோடுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புப் படலம் மயிரிழை அளவு இருந்தாலும் ஆறு மாதத்தில் அந்த இடம் பிரியும்.

முதல் கண்ணாடி, ஸ்கிம்மர் அறைக்கும் பாசி அறைக்கும் நடுவே, 26 செ.மீ. உயரம். இரண்டாவது, பாசி அறையின் முடிவில், 24 செ.மீ. மூன்றாவது, அடியில் 2.5 செ.மீ. இடைவெளி விட்டு, மேலே நீர்மட்டத்தைத் தாண்டி நிற்க வேண்டும். நான்காவது, தரையில் ஒட்டி 20 செ.மீ. இந்தக் கடைசி மூன்றுக்கும் நடுவே 2.5 செ.மீ. இடைவெளி. தண்ணீர் மேலே, கீழே, மீண்டும் மேலே என்று போவதால் குமிழ்கள் பிரிந்துவிடும். ரிட்டர்ன் அறையின் மட்டத்தை 18 செ.மீ.யில் வையுங்கள், அதற்குக் கீழே இறங்கினால் தண்ணீர் அருவியாக விழுந்து மீண்டும் குமிழைக் கிளப்பும்.

இரண்டாவது கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் தட்டியைச் செருகி நிறுத்துங்கள். ஒட்ட வேண்டாம், கழற்றிக் கழுவ வேண்டியது அது. தட்டி இல்லாத சம்பில் பாசி இழைகள் பம்புக்குள் போய் இறக்கையில் நூல் போலச் சுற்றிக்கொள்ளும்.

சிலிக்கான் 48 மணி நேரம் காய வேண்டும். புளிப்பு வாடை முற்றிலும் போன பிறகே தண்ணீர். இந்த இரண்டு நாளும் தொட்டிக்கு அரைத் தீவனம் போதும்.

அடியில் மணல் போடலாமா என்று பலர் கேட்பார்கள். வெறும் தரையே நல்லது. படியும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். மணலுக்குள் போன கழிவை எடுக்க முடியாது, நைட்ரேட்டைக் குறைக்க வைத்த அறையே நைட்ரேட் சுரக்க ஆரம்பிக்கும். சிற்றுயிர்கள் ஒளிய உள்ளங்கை அளவு துளைக் கல் இரண்டு வைத்தால் போதும். அதற்காக ராமேஸ்வரம், தூத்துக்குடி கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்து வராதீர்கள், அப்படி யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பீங்கானில் செய்த துளைக் கற்களே இந்த வேலைக்குப் போதும்.

6. தண்ணீர் நிரப்பி மின்தடைச் சோதனை

நிரப்பி, ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் பம்பை நிறுத்துங்கள். தண்ணீர் ஏறி நின்ற பிறகு சம்பின் விளிம்பில் இருந்து குறைந்தது 4 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். இப்போது பம்பைப் போடுங்கள், 5 நிமிடம் கழித்து ரிட்டர்ன் அறையில் 'இதற்கு மேல் நிரப்பாதே' என்று கோடு. இதை மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை சரியாக நின்ற சைஃபன் மூன்றாம் முறை நிற்காமல் போவது உண்டு, குழாயில் காற்று தங்கும் இடம் மாறுவதால்.

7. விளக்கு

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் (வெள்ளை ஒளி), ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் புகாத) ஃப்ளட்லைட் 30 வாட் இந்த அறைக்குப் போதும். தண்ணீருக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே தொங்கவிடுங்கள். இளஞ்சிவப்பு வெளிச்சம் தரும் செடி விளக்கிலும் பாசி நன்றாகவே வளரும், ஆனால் அந்த ஒளியில் பாசி வெளிறியதா பச்சையா என்று கண்ணுக்குத் தெரியாது. புதியவர்களுக்கு வெள்ளை ஒளியே உதவி.

மேல் தொட்டி விளக்கு அணையும்போது இது எரியட்டும். தொட்டி காலை 10 முதல் இரவு 8 என்றால், இது இரவு 8 முதல் காலை 8. இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளிவிடுவதால் பி.எச். இறங்கும். அப்போது பாசி அதை உறிஞ்சினால் இறக்கம் குறையும். சென்னை, மதுரை வெயிலில் இன்னொரு பயனும் உண்டு: விளக்கின் சூடு பகல் சூட்டோடு சேராது.

முதல் வாரம் 6 மணி நேரம் மட்டும். இரண்டாம் வாரம் 9, பிறகு 12. பாசி பிடித்துக்கொள்ளும் முன் முழு வெளிச்சம் கொடுத்தால் கண்ணாடியில் பச்சைப் படலமும் மயிர்ப்பாசியும் முந்திக்கொள்ளும். பக்கத்து அறைகளுக்கு ஒளி போகாதபடி கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள்.

8. எந்தப் பாசி

கீட்டோ என்று அழைக்கப்படும் கீட்டோமார்ஃபா. வேறு எதிலும் தொடங்காதீர்கள். காலெர்பா வேகமாக வளரும், அழகாகவும் இருக்கும். ஆனால் இனப்பெருக்க நேரத்தில் தன் உடம்பின் சாற்றையெல்லாம் ஒரே இரவில் தண்ணீரில் கொட்டிவிடும். தொட்டி பால் போல வெளுத்து, ஆக்ஸிஜன் குறைந்து, மாதக்கணக்கில் உறிஞ்சியது எல்லாம் திரும்பி வந்துவிடும்.

கீட்டோவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்லது, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் போல முறுமுறுவென்று இருக்கும், அழுத்தி விட்டால் மீண்டும் விரியும். கெட்டது வழவழவென்று விரலில் ஒட்டும், இழைகள் கண்ணாடி போல நிறமற்று இருக்கும், முகர்ந்தால் அழுகல் வாடை வரும்.

ஒரு தேங்காய் அளவு போதும். வந்ததும் தொட்டி நீர் உள்ள வாளியில் அலசி, பிரித்துப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் கோலிக்குண்டு போல மினுங்குவது வலோனியா என்ற தொல்லைப் பாசி, உடைக்காமல் எடுங்கள். பழுப்பு நிறச் சிறு அனிமோன் தெரிந்தால் அந்தக் கொத்தையே வெட்டி எறியுங்கள். பிறகு ஒரு வாரம் தனி வாளியில், விளக்கும் காற்றும் கொடுத்து வைத்திருங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒளிந்திருந்தவை வெளியே வரும்.

9. கோப்பிபாட் விடுவது

பாசி போட்டு இரண்டு வாரம் கழித்து. கோப்பிபாட் வந்த பாட்டில் தண்ணீரைத் தொட்டி வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ரிட்டர்ன் பம்பையும் ஸ்கிம்மரையும் 30 நிமிடம் நிறுத்தி, பாசிக்கு நடுவே மெல்ல ஊற்றுங்கள். ஓடும் பம்போடு ஊற்றினால் பாதி துணிப்பைக்கும் ஸ்கிம்மர் கோப்பைக்கும் போய்விடும்.

ஒரு மாதம் கழித்து, பாசி விளக்கு அணைந்திருக்கும் பகலில், கேபினெட்டுக்குள் செல்போன் டார்ச்சைக் கண்ணாடியோடு சாய்த்துப் பிடியுங்கள். உப்புத்தூள் போன்ற வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளினால் அவை கோப்பிபாட். முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குவது ஆம்பிபாட். இதைப் பார்த்தவுடன் மேண்டரின் மீன் வாங்கிவிடாதீர்கள். அது இந்தச் சிற்றுயிர்களை நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். தொட்டிப் பாறைகளிலும் இவை நிறைந்திருக்க ஆறு மாதமாவது வேண்டும்.

10. எண்களைப் படிப்பது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளந்து குறித்து வையுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் எண் அசையாது. அதற்குள் பாஸ்பேட் உறிஞ்சும் மருந்து, கார்பன் டோசிங் (பாக்டீரியாவை வளர்க்கக் கார்பன் சத்து ஊற்றுவது) என்று எதையும் சேர்க்காதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போவதோடு, அவை பாசியின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும். ஸ்கிம்மரை நிறுத்தவும் வேண்டாம். இலக்கு: நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்.

பாசி இரண்டையும் சம அளவில் தின்னாது. கடலடித் தாவரங்களின் உடலில் சராசரியாக 30 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு இருப்பதாக 1983இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. எடைக்கு மாற்றினால், ஏறக்குறைய 20 பங்கு நைட்ரேட்டுக்கு 1 பங்கு பாஸ்பேட். உங்கள் தொட்டியில் நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.4 என்று வையுங்கள். நைட்ரேட் முழுவதும் தீரும்போது பாஸ்பேட்டில் 0.25தான் போயிருக்கும். மீதி 0.15 அப்படியே நிற்கும், பாசியோ வளர்ச்சியை நிறுத்திவிடும். விளக்கு போதவில்லை என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், பாசி வெளிறிச் சாகும். உண்மையில் அதற்கு வேண்டியது நைட்ரேட். ரீஃப் (பவளத்) தொட்டிக்கென விற்கும் நைட்ரேட் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 5 பி.பி.எம். அளவில் வைத்திருந்தால் பாஸ்பேட் தானாக இறங்கும்.

இரண்டு எண்ணும் பூஜ்யம் என்று வந்தால் மகிழ வேண்டாம். விளக்கு நேரத்தை அன்றே 12இல் இருந்து 8 மணி நேரமாகக் குறையுங்கள், தீவனத்தைச் சற்றுக் கூட்டுங்கள். சத்து முற்றிலும் இல்லாத தொட்டியில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படரும்: பழுப்பாக, சளி போல, நுனியில் குமிழோடு. அதை ஒழிப்பது நைட்ரேட்டைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் பாசி வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்புச்சத்துக் கரைசலை, பாட்டிலில் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்கி, இரண்டு வாரம் பாருங்கள்.

11. அறுவடை

பாசி உறிஞ்சிய நைட்ரேட் இன்னும் உங்கள் சம்புக்குள்தான் இருக்கிறது. பாசியை வெளியே எடுக்கும்போதுதான் அது வெளியேறும். பார்க்க அழகாக நிறைந்திருக்கிறது என்று மாதக்கணக்கில் எடுக்காமல் விடுவோரின் தொட்டியில், உருண்டையின் நடுப்பகுதி வெளிச்சம் படாமல் அழுகி, எண்கள் மீண்டும் ஏறும்.

உருண்டை 15 செ.மீ. தடிமனைத் தொட்டதும் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை வரும். பாதிக்கு மேல் எடுத்தால் உறிஞ்சும் வேகம் சட்டென்று விழும். வெளிப்புறத்துப் பச்சையை விட்டுவிட்டு உள்ளே வெளிறியதைப் பிரித்து எடுங்கள், மிச்சத்தைப் புரட்டிப் போடுங்கள். எடுத்ததைத் தொட்டி நீர் உள்ள வாளியில் நன்றாக உதறினால் சிற்றுயிர்கள் வாளியில் விழும், அந்தத் தண்ணீரைத் திரும்ப அறையில் ஊற்றலாம். பாசியைப் பிழிந்து நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் அசையும் முன்னரே எடை குறையத் தொடங்கினால் ஏதோ ஒரு சத்து தீர்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எடுத்த பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்து மூடியது 2008இல் பதிவானது. நம் தொட்டியில் இருப்பது எங்கிருந்து வந்த இனம், அதோடு எது ஒட்டிக்கொண்டு வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் சருகாகக் காயவைத்து, குப்பையில் சேருங்கள்.